கூலியும் கோப்பையும்

கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டித் தொடர்களில், வெல்லும் என்று எல்லோரும் எண்ணியிருந்த அணி முதல் இரண்டு சுற்றுகளுக்குள்ளாகவே பெயர் தெரியாத ஓர் அணியிடம் தோற்று வெளியேறும்போது, தமிழ் நாளிதழ்கள் அதனை 'அதிர்ச்சித் தோல்வி' என்று எழுதுகின்றன. அதிர்ச்சி என்னும் அச்சொல் பார்ப்போரின் எதிர்பார்ப்பைச் சுட்டுவது. அவ்வெதிர்பார்ப்பின் அடியிலோ, தகுதி எங்கு உண்டோ அங்கு அதற்கேற்ற பயனும் வந்து சேரும், சேரவும் வேண்டும் என்னும் பழைய நம்பிக்கை ஒன்று கிடக்கிறது. இந்தியச் சமயங்கள் வினை, ஊழ், நியதி என்னும் சொற்களைக் கொண்டு நெடுங்காலம் வழக்காடிவந்தது இந்த நம்பிக்கையைப் பற்றியே. ஆதலால், தகுதியுடையோர் தோற்கும்போது அத்தோல்வி அவர்களுடைய குற்றத்திலிருந்து வருகிறதா, இறைவனின் தீர்ப்பாக வருகிறதா, முன்பே வகுக்கப்பட்ட முறையாக வருகிறதா, அல்லது எவருடைய நோக்கமும் இன்றி நேர்ந்துவிடுகிறதா என்னும் கேள்வியை விளையாட்டுப் பக்கத்தின் எல்லைக்குள் அடைத்துவைக்க இயலாது.

சென்னையின் தெற்குப் புறநகரில், பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையும் மேடவாக்கம் பிரதான சாலையும் குறுக்கிடும் கீழ்க்கட்டளையைச் சுற்றி நோக்கினால், இக்கேள்வி எழுவதற்கான களங்கள் நெருங்கிக் கிடக்கின்றன: பல்லாவரத்தில் வேல்ஸ் பல்கலைக்கழகம், குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., சேலையூரில் பாரத் பல்கலைக்கழகம், தாம்பரத்தில் 1937 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இன்னும் தெற்கே காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., பழைய மாமல்லபுரம் சாலையில் படூர் இந்துஸ்தான் பல்கலைக்கழகம். இவற்றில் பயிலும் ஆட்டக்காரர்கள் முதலமைச்சர் கோப்பைக்கான போட்டிகளிலும், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளிலும், அவற்றுக்கு மேல் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியிலும் ஆடுகின்றனர். இத்தகைய தொடர்களின் தொடக்கச் சுற்றுகள் பெரும்பாலும் 'நாக்-அவுட்' முறையில், அதாவது ஒருமுறை தோற்றால் வெளியேறும் முறையில், நடக்கின்றன. தென்மண்டலப் போட்டியில் காலிறுதி வரை நாக்-அவுட்டாகச் சென்று, எஞ்சும் நான்கு அணிகள் மட்டும் 'லீக்' முறையில், அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மோதும் முறையில், ஆடி இடங்களைத் தீர்மானிக்கின்றன. முன்னணி அணிகள் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று மோதிவிடாதபடி அட்டவணையில் தள்ளித்தள்ளி வைக்கப்படுவது 'சீடிங்' எனப்படும். ஒரு சுற்றில் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் செல்லும் உரிமை 'பை' எனப்படும்.

இந்த அட்டவணையைத் தத்துவ நூல் ஒன்றைப் படிப்பதுபோலப் படிக்கலாம். அணிகள் மிகுதியாகவும் நாட்களும் ஆடுகளங்களும் குறைவாகவும் இருப்பதால் தொடக்கச் சுற்றுகள் ஒரே ஆட்டத்தின் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. சிலரே எஞ்சிய பிறகுதான் தகுதியை நிதானமாக அளந்து பார்க்க நேரம் கிடைக்கிறது. இறுதி நான்குக்கு மட்டும் லீக் முறையை வைத்தவர்கள், ஓர் ஆட்டம் ஓர் அணியின் தகுதியை முழுமையாகக் காட்டிவிடாது என்பதை அறிந்தே வைத்திருக்கிறார்கள். 'பை' என்னும் சலுகைக்குள்ளும் ஓர் இடர் உண்டு: அதனைப் பெற்ற அணி, புதிய களத்தின் போர்டும் வளையமும் கைக்குப் பழகுமுன்பே, அதே களத்தில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடிச் சூடேறிய அணியை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்விளையாட்டின் பிறப்பிலேயே சமயமும் தற்செயலும் கலந்திருக்கின்றன. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இதனை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் பயின்றவர். உடலைப் பண்படுத்துவதும் ஆன்மாவைப் பண்படுத்துவதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்று கருதிய அக்காலக் கிறித்தவ இயக்கத்தைச் சார்ந்தவர். அவர் பள்ளிப் பணியாளரிடம் கேட்டவை பெட்டிகள். கிடைத்தவை பீச் பழக்கூடைகள். அக்கூடைகளை ஆணியடித்து மாட்டிய மாடி விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்ததால், இன்றும் உலகம் முழுவதும் வளையம் அதே உயரத்தில் நிற்கிறது. அந்த இயக்கத்தின் வழியாகவே சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கியதுதான், பின்னர் நந்தனத்தில் நிலைகொண்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களை அது உருவாக்கியது. ஒழுக்கத்தோடு உழைப்பவனுக்கு ஆட்டம் நியாயம் செய்யும் என்னும் எண்ணமும் பந்தோடு சேர்ந்தே வந்திறங்கியது எனலாம்.

அவ்வெண்ணம் எவ்வளவு கடுமையாகச் சோதிக்கப்படக்கூடும் என்பதற்கு மிக நன்றாகப் பதிவாகியுள்ள சான்று, அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியத் தொடரில் 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில் நிகழ்ந்தது. ஆடவருக்கான அத்தொடரில் 1985 முதல் அணிகள் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண் பெறுகின்றன; முதல் சுற்றில் 1ஆம் எண் அணி 16ஆம் எண் அணியைச் சந்திக்கும். அவ்வகை ஆட்டங்கள் அன்றுவரை 135 நடந்திருந்தன, 135இலும் 1ஆம் எண் அணியே வென்றிருந்தது. அன்று களமிறங்கிய வர்ஜீனியா பல்கலைக்கழகம், அப்பருவத்தில் 31 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்று, அனைத்து அணிகளுக்கும் மேலாக முதலிடம் பெற்றிருந்த அணி. நாட்டிலேயே எதிரணிக்கு மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணியும் அதுவே. எதிரே நின்றது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம், சுருக்கமாக யுஎம்பிசி. இடைவேளையில் இரண்டும் 21 புள்ளிகளோடு சமமாக நின்றன. பிற்பாதியில் யுஎம்பிசி 53 புள்ளிகளைக் குவித்து 74–54 என்று வென்றது. வெற்றி நூலிழையில் அமைந்திருந்தால் ஒரு விசிலையோ ஒரு ரீபவுண்டையோ காரணமாகச் சொல்லி அமையலாம்; 20 புள்ளி வேறுபாடு அதற்கும் இடம் தரவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிக்கு மக்கள் தரும் முதல் விளக்கம் அறம் சார்ந்தது: வலியவன் செருக்குற்றான், எனவே வீழ்ந்தான் என்பது. கேட்பதற்கு மனநிறைவு தரும் இவ்விளக்கம் இந்த இடத்தில் பொருந்தவே இல்லை. வர்ஜீனியாவின் அப்போதைய பயிற்சியாளர் டோனி பென்னட் தம் கிறித்தவப் பற்றை வெளிப்படையாகச் சொல்பவர். அவர் அணிக்கு வகுத்த ஐந்து தூண்களுள் முதலாவது பணிவு. அந்த அணியின் ஆட்டமும் பொறுமையாலும் ஒழுங்காலும் பெயர் பெற்றதே. அப்படிப்பட்ட அணியைச் செருக்குக்காகத் தண்டித்ததாகச் சொல்வது, தோல்வியைப் பார்த்த பிறகு அதற்குப் பொருத்தமான குற்றத்தைத் தேடிப்பிடித்து ஒட்டவைப்பதாகும். தோற்றவனிடம் குற்றம் இருந்தே ஆகவேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்ட பார்வை எந்த ஆட்டத்திலும் குற்றம் கண்டுபிடித்துவிடும் என்பதே இவ்விளக்கத்தின் பெரும் குறை.

இரண்டாவது விளக்கம், எளியவனுக்கு இறைவன் துணைநின்றான் என்பது. தாவீது கோலியாத்தை வீழ்த்திய விவிலியக் கதை இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படும். அதே 2018இல் 11ஆம் எண் பெற்றிருந்த சிகாகோ லயோலா பல்கலைக்கழகம் முதல் மூன்று ஆட்டங்களை முறையே 2, 1, 1 என்னும் புள்ளி வேறுபாட்டில் வென்று இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக உயர்ந்தபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்து அவ்வணிக்காகச் செபித்த 98 வயது அருட்சகோதரி ஜீன் உலகம் அறிந்தவரானார். அவருடைய அன்பும் செபமும் வணங்கத்தக்கவை. ஆனால் அம்மூன்று ஆட்டங்களில் மொத்தம் நான்கே புள்ளிகளில் பின்தங்கிய எதிரணிகளுக்காகவும் தாய்மார் மண்டியிட்டிருப்பர் என்பதை நினைத்தால், வெற்றியை அருளின் அளவுகோலாகக் கொள்வது தோற்றவரின் வழிபாட்டை இழிவுபடுத்துவதாகிவிடும். சமய நூல்களே இதற்கு உடன்படுவதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்னும் கருத்தை இயேசு மறுத்ததாக லூக்கா நற்செய்தி கூறுகிறது; பந்தயத்தில் விரைவுடையோர் மட்டுமே வெல்வதில்லை, காலமும் நேர்வும் அனைவர் மீதும் விழுகின்றன என்னும் கருத்து பழைய ஏற்பாட்டின் சபை உரையாளர் நூலில் இடம்பெறுகிறது. வேதாந்தத்திலும் இறைவனுக்கு ஓரவஞ்சனையும் கொடுமையும் உண்டோ என்னும் ஐயம் பிரம்ம சூத்திரத்தில் எழுப்பப்பட்டு, இல்லை என விடை கூறப்படுகிறது. மழை எல்லா விதைக்கும் பொதுவாகப் பெய்ய, முளைப்பின் வேறுபாடு விதையைச் சார்ந்தது என்று சங்கரர் அதனை விளக்குகிறார்.

மூன்றாவது விளக்கமே தமிழர் நாவில் முதலில் வருவது: எல்லாம் விதி. இச்சொல்லை இன்னும் நிதானமாக அணுகவேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டில் இதனை ஒரே பொருளில் எல்லோரும் ஆண்டதில்லை. மற்கலி கோசாலரின் ஆசீவக சமயம் நியதி என்னும் சொல்லால் குறித்தது, எந்த முயற்சியாலும் அசைக்கமுடியாத முன்முடிவு. வீசியெறிந்த நூலுருண்டை தன் நூல் தீரும்வரை உருண்டு ஓய்வதுபோல ஒவ்வோர் உயிரும் தனக்கு வகுத்த பிறவிகளை ஓடித் தீர்க்கும் என்று பௌத்த நூல் அக்கொள்கையை எடுத்துரைக்கிறது. ஆசீவகர் தமிழகத்தில் வாழ்ந்தனர். மணிமேகலை அவர்கள் கொள்கையை விரித்துச் சொல்கிறது, சமணக் காப்பியமான நீலகேசி அதனோடு வாதிடுவதற்கென்றே ஒரு சருக்கத்தை ஒதுக்குகிறது. சைவ சித்தாந்தத்திலும் நியதி உண்டு, ஆனால் அங்கு அது முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று. ஒருவர் செய்த வினையின் பயன் வழிமாறாமல் அவரையே சென்று சேரும்படி வரையறுப்பது அதன் தொழில். முன்னதில் நியதி செயலை வெறுமையாக்குகிறது, பின்னதில் செயலுக்குக் காவலாக நிற்கிறது. கீழ்க்கட்டளைக்கு அண்மையில் பல்லாவரத்தில் 1911 முதல் வாழ்ந்த, அதற்கு முன் 1898இலிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய மறைமலையடிகள் தம் வாழ்நாளை ஈந்தது இந்தச் சித்தாந்த மரபுக்கே.

ஆயினும் சித்தாந்தத்தின் நியதியையும் ஆட்ட முடிவோடு நேரடியாகப் பொருத்துவது பிழையாகும். வினைப்பயன் என்று அம்மரபு பேசுவது ஓர் உயிர் நுகரும் இன்ப துன்பங்களை. அவ்வுயிர் தெளிவு பெறுவதற்காக அவை ஊட்டப்படுகின்றன. ஸ்கோர் பலகையில் தெரியும் எண் இன்பமும் அன்று, துன்பமும் அன்று. திருக்குறளின் ஊழ் அதிகாரமும் இவ்வாறே தவறாகப் படிக்கப்படுகிறது. அது 38ஆவது அதிகாரம், அறத்துப்பாலின் கடைசியில் நிற்பது. ஊழைவிட வலியது இல்லை என்னும் கருத்தோடு முடிவது. 62ஆவதாகிய ஆள்வினையுடைமையோ, தளராமல் முயல்வோர் ஊழையும் பின்வாங்கச் செய்வர் என்று முடிகிறது. ஒரே நூலில் இவ்விரண்டும் எப்படி நிற்கும் என்று கேட்போர், அவ்விரண்டாம் அதிகாரத்தில் இறுதிக்கு முந்திய குறளைப் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. எடுத்த காரியம் தெய்வத்தால் தடைப்பட்டுப் போனாலும், உடல் வருந்தி உழைத்ததற்கான கூலி தவறாது என்பது அதன் கருத்து. இங்கு வள்ளுவர் தேர்ந்த சொல் பரிசு அன்று, கூலி. கூலி உழைப்போடு பிறந்து உழைத்தவன் உடலிலும் கையிலும் சேர்வது. பரிசு பலர் கை கூடவேண்டியது. தகுதிக்கும் பயனுக்கும் உள்ள உறவைப் பற்றிய வழக்கு, இவ்விரு பயன்களையும் ஒன்றாகக் கொண்டதால்தான் இவ்வளவு சிக்கலாயிற்று.

பரிசு எத்தனை சிறிய இடைவெளியில் நுழைகிறது என்பதை வளையத்தின் அருகே சென்று பார்க்கலாம். வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், ஆடவர் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். நேர்மேலிருந்து விழும் பந்துக்கு வாயில் மிக அகலமானது. ஆனால் எந்தப் பந்தும் நேர்மேலிருந்து விழுவதில்லை. 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்கு அந்த வட்டம் ஒடுங்கி, குறுக்களவில் 32 சென்டிமீட்டர் அளவே திறந்திருக்கிறது, பந்தின் இருபுறமும் நான்கு சென்டிமீட்டரே எஞ்சுகிறது. 30 பாகையில் திறப்பு பந்தைவிடச் சிறியதாகிவிடுவதால் வளையத்தில் படாமல் உள்ளே நுழையவே முடியாது. ஆறு மீட்டருக்கு அப்பாலிருந்து, காவலுக்கு நிற்பவனின் நீட்டிய கைக்கு மேலாக, வியர்த்த விரல்நுனியிலிருந்து புறப்படும் பந்து இந்த இரண்டு விரற்கடை இடைவெளியைத் தேடிச் செல்கிறது. பல்லாண்டுப் பயிற்சி அப்பந்து உள்ளே விழும் விகிதத்தை உயர்த்துகிறது. இந்த ஒரு பந்து விழுமா என்பதை அதனால் உறுதிசெய்ய இயலாது.

மூன்று புள்ளி எறிகளில் மூன்றில் ஒன்றைப் போடக்கூடிய அணி ஓர் ஆட்டத்தில் 24 முறை எறிந்தால் எட்டு விழும் என்று எதிர்பார்க்கலாம்; ஆனால் எறிகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு கணக்கிட்டால், பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுவதும் ஏறத்தாழ பதினைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறை நேரும். அந்த மார்ச் இரவில் யுஎம்பிசி எறிந்தவை 24, விழுந்தவை 12. வர்ஜீனியா எறிந்தவை 22, விழுந்தவை நான்கு. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு என்று மதிக்கத்தக்க வலிய அணியும்கூட, தொடர்ந்து ஆறு நாக்-அவுட் ஆட்டங்களை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 53 மட்டுமே. ஆகவே, வலிய அணி எங்கோ ஓரிடத்தில் வீழ்வது நாக்-அவுட் முறையின் இயல்பு. எந்த ஆட்டத்தில் என்பதுதான் முன்கூட்டித் தெரியாதது.

தற்செயல் என்பது காரணம் அறியாமைக்கு இட்ட பெயர் தானே, எல்லாக் காரணமும் அறிந்த ஒருவனுக்கு அந்த 24 எறிகளும் முன்பே தெரிந்திருக்கும் அல்லவா என்று நம்பிக்கையாளர் கேட்கலாம். அதனை மறுக்கத் தேவையில்லை. இறைவன் அறிந்திருத்தல் வேறு, அந்த முடிவின் மூலம் ஒருவரது தகுதியைப் பற்றி அவன் தீர்ப்புக் கூறுதல் வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகப் பின்தொடராது. ஊழ் என்னும் சொல்லுக்கு முறை என்னும் பொருளோடு, மலர்தல், முதிர்தல், உதிர்தல் என்னும் பொருள்களும் அதன் வினைவடிவில் உண்டு. காற்றில் ஒரு பூ எந்தக் கணத்தில் உதிர்கிறது என்பதில் முறை இருக்கலாம். அப்பூவின் மீது அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடாமல் மாணவர் வாழ்வைத் தொடுவது சான்றிதழில். தமிழ்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ அரசுப் பணியோ கோருவோரின் சான்றிதழ்கள், எந்த நிலைப் போட்டி, அதில் எத்தனையாவது இடம் என்பவற்றைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. முதல் சுற்றில் தோற்ற வலிய அணியின் மாணவிக்கு அந்த ஆண்டு இடம் என்னும் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. காலை ஐந்தரை மணிக்குச் சிமெண்ட் தரையில் போட்ட லே-அப்களும், கணுக்கால் வீங்கிய வாரங்களும், இடது கையால் பந்தைத் தட்டிச்செல்லப் பழகிய மாதங்களும் அவள் உடலில் சேர்ந்துவிட்டன. அந்தக் கூலியை எவரும் திரும்பப் பெறமுடியாது. ஆனால் அலுவலகங்கள் கூலியை எண்ணுவதில்லை, கோப்பையை எண்ணுகின்றன. எண்ணுவதற்கு வேறு வழி எளிதில் இல்லை என்பது உண்மையே. அவ்வாறிருக்க, அந்தத் தோல்வியின் மேல் 'தலைக்கனம்', 'கடவுள் காட்டிய பாடம்', 'அவள் விதி' என்று வீட்டாரும் ஆசிரியரும் கூடுதலாக ஒரு தீர்ப்பை ஏற்றுவது கொடுமை. பத்தொன்பது வயதில் ஒருத்தி தன்னைப் பற்றி நம்பத் தொடங்கும் சொற்கள் அவை, எளிதில் உதிர்வதில்லை. வென்ற எளிய அணிக்கும் இதே நேர்மை பொருந்தும்: அவர்கள் எறிந்த பந்துகளை வேறு எவரும் அவர்களுக்காக எறியவில்லை, அந்த நாளில் அந்த வாயிலருகே வந்து நிற்கும் அளவுக்கு உழைத்தவர்கள் அவர்களே, அவர்களது வெற்றியை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளுவோர் தகுதியை மீண்டும் தரவரிசை எண்ணோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

வர்ஜீனியாவின் கதை அடுத்த ஆண்டில் தொடர்ந்தது. 2019இல் மீண்டும் 1ஆம் எண் பெற்ற அந்த அணி முதல் சுற்றில் 16ஆம் எண் பெற்ற கார்ட்னர்-வெப் அணியிடம் ஒரு கட்டத்தில் 14 புள்ளிகள் பின்தங்கி, இடைவேளையிலும் 30–36 என்று பின்னால் நின்று, அதன்பின் மீண்டு 71–56 என வென்றது. ஏப்ரல் 8 அன்று கோப்பையையும் வென்றது. தாழ்த்தப்பட்டோர் உயர்த்தப்பட்டனர் என்று பலரும் அதனை மீட்பின் கதையாக எழுதினர். அக்கதையின் நடுவே, ஆபர்ன் அணிக்கு எதிரான அரையிறுதி இருக்கிறது. 0.6 வினாடி எஞ்சியிருக்க, 60–62 என்று பின்தங்கிய நிலையில், ஒரு ஃபௌலுக்காக வர்ஜீனியாவின் கைல் கை என்னும் ஆட்டக்காரருக்கு மூன்று ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. முந்தைய ஆண்டு சார்லட்டில் தோற்ற அணியிலும் ஆடியவர் அவர். இரண்டு தவறினால் ஆட்டம் போயிற்று, ஒன்று தவறினால் கூடுதல் நேரம். முதல் இரண்டும் விழுந்து சமனானபின் எதிரணி டைம்-அவுட் கேட்டது.  பிறகு அவர் கோட்டுக்குத் திரும்பி, சிறுவயது முதல் ஆயிரக்கணக்கான முறை செய்ததைப் போலவே, பந்தைத் தட்டி, பிடித்து, மூன்றாவதையும் எறிந்தார்.